வயதேறிய வளர்ப்புப் பறவை: இல்லத்தார் கவனிக்க வேண்டிய மாறுதல்கள்

தறிக் கணக்கெடுப்பின் பொருட்டும் இருப்புச் சரிபார்ப்பின் பொருட்டும் அங்கத்தினர்களின் இல்லங்களுக்குச் செல்லும்போது, தறிக்கும் நூலுக்கும் அடுத்தபடியாக என் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு பறவைக் கூண்டாகவே இருக்கின்றது. ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் வட்டாரத்து நெசவாளர் வீட்டுத் திண்ணைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று வழங்கப்படும் சிறு கிளிகளும், பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடியானவர் வீட்டு மாடிகளில் புறாக்களும் வளர்கின்றன. இவற்றுள் பல, பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியவை. பிள்ளைகள் கல்லூரிக்கோ, திருப்பூருக்கோ, சென்னைக்கோ சென்றுவிட்டனர். பறவை மாத்திரம் வீட்டு முதியோருடன் தங்கித் தானும் முதுமை எய்துகின்றது. அதன் உடல்நிலையில் ஏற்படும் மாறுதல்களை எவ்வாறு அறிவது, அவற்றுள் முதுமையால் வருவது எது, நோயால் வருவது எது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கால்நடை மருத்துவம் பயின்றவன் அல்லன். வணிகவியலில் பட்டம் பெற்றவன். ஆயினும் இதனை எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பதினோராண்டுகள் வளர்ந்த ஒரு வெண்புறா, மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் வழக்கத்துக்கு மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிற்று. வெயிலின் கொடுமை என்று எண்ணினேன். பின்னர் மற்றப் புறாக்களை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தது. வயதாகிவிட்டது என்றேன். சிறகுகளை உப்ப வைத்துக்கொண்டு பகலிலும் உறங்கிற்று. அப்பொழுதும் அதையே சொன்னேன். கடைசியாகக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றபோது, அவர் அதன் மார்பில் விரலை வைத்துப் பார்த்தார். நடு எலும்பு கத்தி முனைபோல் துருத்தி நின்றது. "எத்தனை நாளாக இப்படி இருக்கின்றது?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. சங்கத்தின் பேரேட்டில் ஐந்து ரூபாய் வித்தியாசம் இருப்பினும் அது எந்தத் தேதியில் ஏற்பட்டதென்று தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமுள்ளவன் நான். என் வீட்டுக் கூட்டில் நாள்தோறும் நிகழ்ந்த குறைவு என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மூன்றாம் நாள் அப்புறா இறந்துவிட்டது.

முதலில் வயது என்பதையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளியே நம்மிடம் லவ் பேர்ட்ஸ் என்று பெயர் பெற்றிருப்பது. அது நல்ல பராமரிப்பில் பொதுவாக ஐந்து முதல் பத்தாண்டுகள் வாழும். சில அதனினும் கூடுதலாக வாழ்வதுண்டு. கொண்டைக் கிளியாகிய காக்கட்டீல் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. வீட்டுப் புறா பத்து முதல் பதினைந்தாண்டுகள் வாழும். ஆகவே நான்கு வயது நிறைந்த லவ் பேர்ட் ஒன்று சோர்ந்து உட்கார்ந்தால் அதை முதுமை என்று தள்ளிவிடுதல் தகாது. எட்டு வயதான பறவைக்கும் இது பொருந்தும். முதுமை பருவம் பருவமாக வருவது. நேற்றுவரை பாடிய பறவை இன்று வாய் மூடினாலும், சென்ற வாரம் உயரக் குச்சியில் உறங்கிய பறவை இவ்வாரம் கூண்டின் தரையில் உறங்கினாலும், அதற்கு முதுமையல்லாத வேறொரு காரணம் இருக்கின்றது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

அக்காரணத்தைப் பறவை தானாக வெளிக்காட்டாது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். மாடும் ஆடும் நோயுற்றால் தலை தொங்கும், தீனி எடுக்காது, குரல் கொடுக்கும். பறவையின் இயல்பு அவ்வாறன்று. காட்டிலும் வயலிலும் வாழும் சிறு பறவைக் கூட்டத்தில் தளர்ந்த ஒன்றைத்தான் வல்லூறு முதலில் குறி வைக்கும். ஆதலால் நோயுற்ற பறவை, யாரேனும் பார்க்கும்போது நிமிர்ந்து உட்காரும். கண்ணைத் திறந்து கொள்ளும். பசியில்லாவிடினும் தீனியைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பறவைக்கும் இவ்வியல்பு மாறுவதில்லை. இறகுகளோ உடலின் மெலிவை மூடி மறைத்துவிடுகின்றன. எனவே கூண்டருகில் சென்று பார்ப்பதைக் காட்டிலும், தறியில் உட்கார்ந்தபடியோ வாயிற்படியில் நின்றபடியோ அதற்குத் தெரியாமல் சற்று நேரம் பார்ப்பதே உண்மையை அறியும் வழி. தணிக்கைக்கு முன்னறிவிப்பின்றிச் செல்வதுபோல் என்று வைத்துக் கொள்ளலாம்.

மற்றொரு சங்கடம், பறவையின் உடல் இயங்கும் வேகம். அதன் உடற்சூடு மனிதருடையதைவிட மிகுதி. 40 டிகிரி செல்சியசுக்கு மேல் இருப்பதே அதற்கு இயற்கை. சிறு கிளியின் இருதயம் நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் துடிக்கின்றது. இவ்வளவு வேகமாக எரியும் அடுப்புக்கு விறகு இடைவிடாது வேண்டுமல்லவா? தீனி நின்றுபோனால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். அடுத்த சந்தை நாளில் மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

சென்ற ஆடி மாதத்தில் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பெரியவருக்கு வயது எழுபதை நெருங்குகின்றது. முழங்கால் வலியால் தறிக்குழியில் நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார இயலாமல், இப்பொழுது பாவு பிணைப்பதும் ஊடை சுற்றுவதுமாக இருக்கின்றார். திண்ணைக் கூண்டில் நீல நிறமுள்ள ஒற்றை லவ் பேர்ட் தரையில் ஒரு மூலையில் கிடந்தது. வாங்கி ஏழாண்டுகள் ஆயின என்றும், இணைப் பறவை இரண்டாண்டுகளுக்கு முன் இறந்தது என்றும் கூறினார். "இதுவும் போகிற காலம் வந்துவிட்டது ஐயா. தீனி வைத்தது வைத்தபடியே இருக்கின்றது. வயதான உயிருக்கு வாயும் வயிறும் சுருங்கிப் போகும் அல்லவா?" என்றார். அவர் மனைவியார் மட்டும், "தீனியைக் கண்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறதே தம்பி, பசியில்லாத உயிர் ஏன் பார்க்கிறது?" என்றார்கள்.

அம்மையாரின் கேள்வியே சரியான கேள்வி. கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதிப் பார்த்தேன். மேலிருந்தது அவ்வளவும் தினை உமி. இவ்வகைக் கிளிகள் தினையை அலகால் உரித்து அரிசியை மாத்திரம் தின்று, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்குக் கிண்ணம் நிறைந்தே தோன்றும். உமியின் அடியில் சிறிது தினை இருந்தது உண்மைதான். ஆனால் அக்கிண்ணம் கூண்டின் உச்சியில் கட்டப்பட்டிருந்தது. பறவை ஏன் அங்கே ஏறவில்லை என்பது அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. சங்க அலுவலகத்தில் பட்டும் சரிகையும் நிறுக்கும் மின்தராசு கிராம் கணக்குக்குத் துல்லியமானது. செயலாளரின் அனுமதியோடு, காற்றுத் துளையிட்ட ஒரு சிறு அட்டைப் பெட்டியில் பறவையை வைத்து நிறுத்து, பெட்டியின் எடையைக் கழித்தோம். 26 கிராம் இருந்தது. வளர்ப்பு லவ் பேர்ட் சாதாரணமாக 30 முதல் 40 கிராம் வரை இருக்க வேண்டியது.

அன்று பிற்பகலே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் பெரியவரை அழைத்துச் சென்றேன். மருத்துவர் பறவையின் காலடியைத் திருப்பிக் காட்டினார். இரு பாதங்களின் அடியும் சிவந்து, ஒன்றில் சிறு புண்ணும் இருந்தது. ஏழாண்டுகள் ஒரே பருமனுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் உட்கார்ந்ததால், பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் ஏற்பட்டு உண்டான புண் அது. கால் மூட்டுகளும் இறுகியிருந்தன. பறவைக்குப் பசி போகவில்லை. படி ஏறத்தான் முடியவில்லை. பெரியவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டே இதைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

இந்நிகழ்ச்சியை நான் விரித்துரைத்தது, எடை என்பது எவ்வளவு நம்பத்தக்க சாட்சி என்பதைக் காட்டுவதற்காகவே. கண் ஏமாறும், தராசு ஏமாறாது. பாவும் ஊடையும் நிறுத்து வாங்கிச் சேலையை நிறுத்துக் கொடுக்கும் நெசவாளருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருநாள், காலையில் தீனி வைப்பதற்கு முன், ஒரே தராசில் நிறுத்துத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். 35 கிராம் உள்ள பறவை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூன்றரை கிராம். அரைப் பவுன் எடைகூட இல்லை. அவ்வளவு குறைந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது பொருள். மனிதருக்குக் கணக்கிட்டால் அறுபது கிலோ உள்ளவர் ஆறு கிலோ இளைத்ததற்கு ஒப்பாகும். கிராம் தராசு கிடைக்காதவர்கள் மார்பின் நடு எலும்பை விரலால் மெல்லத் தடவி அறியலாம். இருபுறமும் சதை திரண்டு எலும்பின் விளிம்பு இலேசாகத் தட்டுப்படுவது நல்ல நிலை. விளிம்பு கூர்மையாகத் துருத்தினால் மெலிவு. எலும்பே அகப்படாமல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு மிகுதி. கூண்டிலேயே கிடக்கும் முதிய லவ் பேர்டுக்கு அதுவும் கேடுதான். பிடிக்கும்போது மார்பை இறுக்கலாகாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு நடைபெறும்.

இனி நடத்தை மாறுதல்களுக்கு வருவோம். இவற்றுள் பலரும் ஏமாறுவது எதில் என்றால், பறவை திடீரென்று சாதுவாகிவிடுவதில்தான். கையைக் கண்டால் கொத்த வரும் பறவை, ஒருநாள் கைவிரலில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். கடைசியில் நம்மிடம் பாசம் வைத்துவிட்டது என்று வீட்டார் மகிழ்ச்சி அடைகின்றனர். விலகிச் செல்ல வலுவில்லாததே உண்மைக் காரணமாக இருக்கக்கூடும். என் வெண்புறாவும் தன் கடைசி வாரத்தில் என் மடியில் உட்கார்ந்தது. நான் அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்பினேன். இதற்கு மாறாக, சாதுவான பறவை திடீரென்று கடிக்கத் தொடங்குவதும் வலியின் அறிகுறியாகலாம், அல்லது கண் மங்குவதன் அறிகுறியாகலாம். இதில் கவனிக்க வேண்டியது குணம் நல்லதா கெட்டதா என்பதன்று; மாறியதா இல்லையா என்பதேயாம்.

உறக்கமும் அவ்வாறே. நலமுள்ள பறவை பெரும்பாலும் ஒரு காலை மடக்கி, மற்றொரு காலில் நின்று உறங்கும். பகலில் இரு கால்களையும் ஊன்றி, இறகுகளை உப்ப வைத்து, நெடுநேரம் உறங்குவது நோய்க்குறி. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுத் திணறல் இருக்கின்றது என்று கொள்ளலாம். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து சிறகை அகற்றி இளைப்பது இயற்கை. அதையே குளிர்ந்த மாலையில் செய்தால் இயற்கையன்று.

எச்சத்தைப் பார்ப்பது சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். ஆனால் மருத்துவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தால் போதும். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி, சிறிது தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டும். நீர் மிகுந்தால் சிறுநீரகம் முதலியவற்றைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டும். என் புறா மிகுதியாகத் தண்ணீர் குடித்ததன் பொருளும் அதுவாக இருந்திருக்கலாம். தானியம் உரித்தபடியே முழுதாக வெளிவந்தால் செரிமானம் கெட்டிருக்கின்றது. எச்சத்தின் எண்ணிக்கை குறைந்தால் தீனி உட்செல்லவில்லை; உமிக்கிண்ணம் சொல்லாத உண்மையை இக்காகிதம் சொல்லிவிடும். முதல்நாள் கீரையோ பீட்ரூட்டோ கொடுத்திருந்தால் நிறம் மாறுவது இயல்பு; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

முதுமைக்கே உரிய மாறுதல்களும் உண்டு. அவற்றைக் குணப்படுத்த இயலாவிடினும் பறவையின் வாழ்வைச் சௌகரியமாக்க இயலும். கண்புரை விழுந்த பறவை, ஆள் அருகில் வந்தபின்பே திடுக்கிடும். குச்சிக்குத் தாவி இலக்குத் தவறும். அத்தகைய பறவையின் கூண்டில் கிண்ணத்தையும் குச்சியையும் இடம் மாற்றவே கூடாது. அது பழக்கத்தாலேயே வழி கண்டு நடக்கின்றது. மூட்டு இறுகிய பறவையால் முதுகின் அடிப்பகுதியை அலகால் கோத முடியாது. அங்கே இறகு கலைந்தும் அழுக்கேறியும் காணப்படும். இதற்குக் குச்சிகளைத் தாழ்த்திக் கட்டுவதும், கிண்ணத்தைத் தரையருகில் வைப்பதும், தரையில் பருத்தித் துணி விரிப்பதும் போதுமானவை. பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு வேப்பங்கிளை, கொய்யாக்கிளை முதலியவற்றைப் பருமன் வேறுபடும்படி வைத்தால் பாதத்தின் அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். செலவில்லாத வைத்தியம் இது.

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில் வாழ்ந்த 'குக்கி' என்னும் காக்கட்டூ பறவையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1933-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் குஞ்சு பொரித்து, 1934-இல் அச்சாலை திறக்கப்பட்டபோதே அங்கு வந்து சேர்ந்த இப்பறவை, 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தன் 83-ஆவது வயதில் இறந்தது. முதல் நாற்பதாண்டுக் காலம் அதற்கு விதைகளையே உணவாகக் கொடுத்து வந்தனர். அக்காலத்து அறிவு அவ்வளவே. பிற்காலத்தில் அதற்கு எலும்பு நலிவும் மூட்டு நோயும் உண்டாயின. ஆனால் அதைக் காத்தவர்கள் ஒன்றைக் கவனித்தனர். பார்வையாளர் கண்ணில் படாமல் வைத்திருக்கும் நாட்களில் அப்பறவை நன்றாகத் தின்கின்றது, அமைதியாக இருக்கின்றது என்பதைக் கண்டனர். ஆகவே 2009-ஆம் ஆண்டில் அதற்கு முழு ஓய்வளித்துக் காவலர் அலுவலக அறையிலேயே வைத்துக்கொண்டனர். அதன்பின் ஏழாண்டுகள் அது வாழ்ந்தது. நம் திண்ணைப் பறவைக்கும், முதுமையில் பஸ் இரைச்சலும் பிள்ளைகள் கூச்சலும் இல்லாத ஒரு மூலை தேவைப்படலாம்.

லவ் பேர்டுக்கே உரிய இரண்டு குறிகளைத் தனித்துச் சொல்ல வேண்டும். அலகுக்கு மேலே மூக்குத் துளையைச் சுற்றி மெழுகு போன்ற சதை இருக்கின்றது. பெரும்பாலான வளர்ந்த ஆண்களுக்கு அது நீலமாயிருக்கும். முதிய ஆணுக்கு அந்நீலம் பழுப்பாக மாறினால், விரையில் கட்டி வளர்வதன் அடையாளமாக இருக்கக்கூடும். அடிபடாமலேயே ஒரு கால் மாத்திரம் தளர்ந்து நொண்டினால், சிறுநீரகத்திலோ அதன் அருகிலோ வளரும் கட்டி கால் நரம்பை அழுத்துவது காரணமாகலாம். இவ்விரண்டும் இவ்வினத்தில் அபூர்வமல்ல. இவற்றுக்கு முழுக்குணம் கிடைப்பது அரிது. ஆயினும் வலியைக் குறைக்க வழியுண்டு. மாறாக, அலகைச் சுற்றி வெண்மையான பொருக்குத் தோன்றித் தேன்கூடுபோல் துளை துளையாகத் தெரிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை, எளிதில் குணமாகும். அலகு விகாரமாக நீண்டால் வெறுமனே வெட்டிவிடுவதோடு நிற்காமல் கல்லீரலைச் சோதிக்கச் செய்ய வேண்டும்.

கல்லீரலைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்து மக்காச்சோளத்தை விட்டுவிட முடியாது. ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இன்னதென்று தெரியாத நோயால் மடிந்தன. தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்தபோதுதான் இந்நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. பெருமளவில் உட்சென்றால் உடனே கொல்லும். சிறிது சிறிதாகச் சென்றாலோ கல்லீரலை மெல்ல அரித்து, மெலிவையும் சோர்வையும் உண்டாக்கும். பார்ப்பவர் அதைத்தான் முதுமை என்பர். விற்பனைக்கு ஆகாதென்று ஒதுக்கிய கருத்த மணிகளைப் புறாவுக்குப் போடும் வழக்கத்தை ஆலத்தூர், வேப்பந்தட்டைப் பக்கங்களில் நானே கண்டிருக்கின்றேன். அது சிக்கனமன்று. மருந்து கலந்து நிறமேற்றிய விதைமணிகள் மிஞ்சினால் அவற்றையும் போடலாகாது. செட்டிகுளம் வட்டாரத்தில் வீடெங்கும் நிறைந்திருக்கும் சின்ன வெங்காயமும் பறவைக்கு ஆகாது. அது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

நெசவாளர் வீட்டுக்கு ஆபத்து நூலில் இருக்கின்றது. அறுந்த பட்டிழையும் பருத்திப் பிசிறும் பறவையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால், நாளடைவில் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே கறுக்கச் செய்து உதிர்த்துவிடும். தெருவில் மேயும் புறாக்கள் பலவற்றுக்கு விரல் குறைந்திருப்பதற்கு இதுவே ஒரு முக்கிய காரணம். கண் மங்கிய முதிய பறவை தன் காலில் சுற்றிய நூலைத் தானே எடுத்துக்கொள்ளாது. வாரந்தோறும் நிறுக்கும்போதே விரல்களையும் பார்த்துவிடலாம்.

தினையும் கம்பும் மாத்திரம் கொடுத்து வளர்த்தால் 'ஏ' வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் குறைவுபடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று விற்கப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டி வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு உதவும். முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் முதிய பெட்டைக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஆனால் முதிய பறவையின் தீனியை ஒரேநாளில் மாற்றினால் அது பட்டினி கிடந்தே இறக்கவும் கூடும் என்பதை மறக்கலாகாது.

நோய்க்குறி கண்டவுடன் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றே. கூண்டின் மூன்று புறமும் துணியால் மூடி, வெளியே ஒரு சாதாரண குண்டு பல்பை எரியவிட்டு வெதுவெதுப்பாக வைத்து, தீனியும் நீரும் எட்டும்படி செய்ய வேண்டும். சூடு மிகுந்தால் விலகிச் செல்ல இடமிருக்க வேண்டும். விளக்கெண்ணெய் புகட்டுவதும், பிராந்தி கொடுப்பதும், மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் கூடவே கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது எடைக் குறிப்பையும் எச்சக் காகிதத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் முன்னிலையில் பறவை நலமுள்ளதுபோல் நிமிர்ந்து நிற்கும் என்று முன்பே கூறினேன். ஆதலால் வீட்டில் அது இருக்கும் நிலையைக் கைபேசியில் ஒரு நிமிஷம் படம் பிடித்துச் சென்றால் பேருதவியாகும். மேற்கொண்டு சோதனை வேண்டுமானால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

வீட்டாரின் உடல்நலத்தையும் ஒரு சொல் கூறிவிட வேண்டும். கிளிகளிடமிருந்தும் புறாக்களிடமிருந்தும் ஒருவகைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுவதுண்டு. பறவை நோயுற்றிருக்கும் சமயத்தில் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் வறட்டிருமலும் கண்டால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் தவறாது சொல்ல வேண்டும். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்த பின்பு எடுக்க வேண்டும். பஞ்சுத் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் தறிவீட்டில் கூண்டை வைக்காமல் திண்ணையில் வைப்பதே இருவருக்கும் நல்லது.

பச்சைக்கிளி வளர்ப்போர் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைத்திருப்பது குற்றமாகும். நெடுங்காலமாக வீட்டிலிருக்கும் முதிய கிளி நோயுற்றால், சட்டத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் காட்டாமலே சாகவிடும் குடும்பங்கள் உண்டு. அஞ்சித் திறந்துவிடுவதும் தவறு. இருபதாண்டுகள் கூண்டிலிருந்த பறவைக்கு இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

ஜெயங்கொண்டம் பெரியவரின் வீட்டுக்கு ஐப்பசியில் மறுபடி சென்றேன். கூண்டின் குச்சிகள் யாவும் ஒருசாண் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டப்பட்டு, அவற்றின்மேல் பழைய சேலைக் கிழிசல் சுற்றப்பட்டிருந்தது. எடைக் குறிப்பு எங்கே என்று கேட்டேன். தம் நெசவாளர் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இது விதிகளுக்கு உட்பட்டதன்று; ஆயினும் அதில் நான் குறிப்பேதும் எழுதவில்லை. 26, 26, 27, 28, 28, 30, 31 என்று சனிக்கிழமைதோறும் தேதியுடன் எழுதியிருந்தது. பதினோராவது வாரத்தில் ஒரு கிராம் குறைந்திருந்தது. அதன் எதிரில் பெரியவர், "மழை, தினை ஈரம், மாற்றியாயிற்று" என்று எழுதியிருந்தார்.